கடைக்கு ஐந்தொகை, வீட்டிற்கு?

செட்டிநாட்டைப் பற்றிப் பேசுகின்றவர்கள் எல்லோரும் இரண்டு விஷயங்களை மறவாமல் சொல்லுவார்கள். ஒன்று அங்குள்ள வீடுகளின் பெருமை. மற்றொன்று அங்குள்ளவர்களின் கணக்குப் பெருமை. வீடுகளின் பெருமையைப்பற்றி நாம் இங்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவைகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. மீதியுள்ளவைகளைப் பார்ப்பதற்கு வெளிநாட்டுக்காரர்கள் கேமராவுடன் வந்து போகின்றார்கள். ஆனால் கணக்குப் பெருமையைப்பற்றி மட்டும் நாம் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஒரு காலணா தவறினாலும் விளக்கை வைத்துக்கொண்டு விடியும்வரை தேடுகின்ற ஒரு சமூகத்தார், தங்கள் பிள்ளைகளை வளர்க்கும் காரியத்தில் மாத்திரம் ஏன் ஒருநாளும் கணக்குப் பார்ப்பதில்லை என்பது நமக்கு வெகுநாளாக விளங்காத சங்கதியாய் இருக்கின்றது. இது செட்டிநாட்டாருக்கு மட்டும் உள்ள குறையல்ல என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறோம். கணக்கில் பேர்போனவர்களிடத்திலேயே இக்குறை இருக்குமானால் மற்றவர்களைப்பற்றிக் கேட்கவும் வேண்டுமோ என்பதற்காகவே அவர்களை எடுத்துக்கொண்டோம்.

முதலில் கடையைப் பார்ப்போம். நகரத்தார்கள் பர்மாவிலும், மலேயாவிலும், இலங்கையிலும் வைத்திருந்த கடைகள் எப்படி நடந்தன? முதலாளி காரைக்குடியிலோ, தேவகோட்டையிலோ, கானாடுகாத்தானிலோ இருப்பார். கடை ரங்கூனிலோ, பினாங்கிலோ இருக்கும். கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்குத் தவணை சாதாரணமாக மூன்று வருஷம். தவணை முடிந்தால் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியது. அன்றன்றைய வரவு செலவு அன்றன்றைக்கே குறிப்பில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டில் ஏறும். பிறகு ஐந்தொகை போடப்படும். ஐந்தொகை இடித்தால் அதாவது பொருந்தாமல் போனால், எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தூக்கமில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி இன்னது என்று நிர்ணயம் செய்து வந்தார்கள். சென்ற மாதம் இருந்த வட்டி இந்த மாதம் இருக்க வேண்டும் என்று யாரும் அழவில்லை. “எங்கள் பாட்டனார் இந்த வட்டிக்குத்தான் கொடுத்தார், ஆகையால் நாங்களும் இந்த வட்டிக்குத்தான் கொடுப்போம்” என்று ஒரு மேலாள் சொல்லியிருந்தால் அவரை அடுத்த கப்பலிலேயே நாகப்பட்டணத்திற்கு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். காலத்திற்குத் தக்கபடி மாற்ற வேண்டியதுதான் வியாபாரம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் அதே மேலாள் ஊருக்குத் திரும்பி வந்து தன் வீட்டு முகப்பைத் தாண்டி உள்ளே காலை வைத்தவுடன் அவருடைய புத்தி எங்கே போய்விடுகிறது என்றுதான் நாம் கேட்கின்றோம். அங்கே பாட்டனார் காலத்து வட்டிதான்! பிள்ளையை ஏன் அடிக்கிறீர்கள் என்றால், என்னை என் அப்பச்சி அடித்தார் என்கிறார். பெண்ணை ஏன் படிப்பிலிருந்து நிறுத்தினீர்கள் என்றால், எங்கள் வீட்டில் பெண்கள் படித்த வழக்கமில்லை என்கிறார். பையன் ஏன் தன் எச்சில் தட்டைத் தான் எடுப்பதில்லை என்றால், ஆண்பிள்ளை எடுக்கலாமா என்று அப்பத்தா பதில் சொல்லுகிறாள். மாதந்தோறும் வட்டியை மாற்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு ஒரு தரமாவது வழக்கத்தை மாற்றத் தெரியவில்லை என்றால், இதைக் கணக்குத் தெரிந்த சமூகம் என்று எப்படிச் சொல்லுவது?

இப்படிச் சொல்லுகின்றபோது நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிற்குள்ளும் கணக்கு நுழைய முடியும் என்பதற்குச் செட்டிநாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கின்றது. கலியாணமான மகனையும் மருமகளையும் “வேறு வைத்தல்” என்கின்ற ஏற்பாடுதான் அது. ஒரே வீடு, ஒரே வளவு, ஆனால் ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அடுப்பு, தனிச் செலவு. புது மருமகள் தன் அரிசியையும் விறகையும் தானே கணக்கிட்டு நடத்திக்கொள்ள வேண்டியது. தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் கூட்டுக் குடும்பம் என்ற பெயரால் ஒரே அடுப்பில் பத்துப் பேர் வயிறெரிந்து கொண்டிருந்த காலத்திலேயே, சண்டைக்குக் காரணம் ஆட்களின் குணமல்ல, அடுப்பின் ஏற்பாடுதான் என்று கண்டுபிடித்து அந்த ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்கள். இது மெய்யாகவே பாராட்டத்தக்க காரியம். ஆனால் கண்டுபிடித்த புத்தி அரிசியோடும் விறகோடும் நின்று போய்விட்டது. பிள்ளை வரைக்கும் அது வரவில்லை.

நிற்க, இந்தப் புத்தியை இன்னொரு தேசத்தார் எடுத்து அதை ஒரு சாஸ்திரமாகவே செய்துவிட்டார்கள். யுத்தத்தில் தோற்று, பட்டணங்கள் எரிந்து, “ஜப்பான் சாமான்” என்றால் மட்டமான சாமான் என்று உலகம் பரிகாசம் செய்த காலத்தில், 1950ம் வருஷம் எட்வர்ட்ஸ் டெமிங் என்கின்ற அமெரிக்கப் புள்ளிவிவரக்காரர் ஜப்பானிய எஞ்சினீயர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் சொல்லப் போனார். அவர் சொன்னதன் சாரம் என்ன? சாமான் கெட்டுப் போனால் தொழிலாளியைத் திட்டாதே. பெரும்பாலான குற்றங்கள் வேலை செய்கிறவனுடையதல்ல, வேலையின் ஏற்பாட்டினுடையவை. ஏற்பாட்டைச் செய்தவன் நீ. ஆகையால் உன்னைத் திருத்திக்கொள். பயமுறுத்தி வேலை வாங்காதே. பயந்தவன் குற்றத்தை மறைப்பான். மறைத்த குற்றம் வளரும். கடைசியில் பரிசோதித்துக் கழித்துப் போடுவதைவிட ஆரம்பத்திலேயே பிசகு உண்டாகாமல் பார். இவ்வளவுதான். ஜப்பானியர் இதைக் கேட்டுக்கொண்டதோடு அவர் பெயரால் 1951 முதல் ஒரு பரிசும் ஏற்படுத்திக் கொடுத்து வருகின்றார்கள்.

டொயோட்டா கம்பெனியார் இதற்கு முன்பே ஒரு நல்ல வழக்கத்தைப் பழகியிருந்தார்கள். அக்குடும்பத்தின் மூலவரான சாகிச்சி டொயோடா என்பவர் 1924ல் செய்த விசைத்தறி, ஒரு நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு கெட்ட துணியை நெய்துகொண்டே போகாது. பிற்காலத்தில் அவர்களுடைய மோட்டார் தொழிற்சாலையிலும் இதே முறை வந்தது. தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பிசகைக் கண்ட எந்தத் தொழிலாளியும், அவன் நேற்றுச் சேர்ந்தவனாயிருந்தாலும், அந்தக் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் மேஸ்திரி ஓடிவந்து “என்ன சங்கதி?” என்று கேட்பானே ஒழிய “ஏண்டா இழுத்தாய்?” என்று கேட்கமாட்டான். பிறகு ஏன் இந்தப் பிசகு வந்தது என்று ஒரு தரம் கேட்டு நிறுத்தாமல் ஏன், ஏன் என்று ஐந்து தரம் கேட்டு வேரைக் காண்பார்கள். கண்ட பிறகு சின்னதாய் ஒரு மாற்றம் செய்து பார்ப்பார்கள். நன்றாயிருந்தால் வைத்துக்கொள்ளுவார்கள்; இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். நாளுக்கு நாள் சிறிது சிறிதாய்ச் செய்துகொண்டு போகும் இந்தத் திருத்தத்திற்குத்தான் “கைசன்” என்று பெயர்.

இதெல்லாம் ஏதோ தூர தேசத்துக் கதையென்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. சென்னைக்குப் பக்கத்திலே பாடியில் உள்ள சுந்தரம்-கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998ல் அந்த டெமிங் பரிசை வாங்கிற்று. இந்தியாவிலே அதுதான் முதலாவது. ஓசூரில் உள்ள டிவிஎஸ் மோட்டார் கம்பெனி 2002ல் வாங்கிற்று. இப்பொழுது ஸ்ரீபெரும்புதூரிலும், ஓசூரிலும், சிங்கப்பூரிலும் தொழிற்சாலைகளில் உத்தியோகம் பார்க்கும் நம் பிள்ளைகளுக்குக் கைசன் என்றால் மனப்பாடம். பெட்டியடிக்குப் போன பாட்டனாரின் பேரன்தான் இன்று தொழிற்சாலைக்குப் போகின்றான். பாட்டனாருக்குப் பேரேடு எப்படியோ பேரனுக்குக் கைசன் அப்படி. பாட்டனாரைப் போலவே இவனும் அதை வாசலிலே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டிற்குள் வருகின்றான்!

பகல் முழுவதும் ஒரு திருகாணி ஏன் தேய்ந்தது என்று பொறுமையாய் ஐந்து தரம் “ஏன்” கேட்டவன், இரவிலே பிள்ளையின் மார்க்கைப் பார்த்தவுடன் ஒரே ஒரு “ஏண்டா?” கேட்கின்றான். அந்த “ஏண்டா” கேள்வியல்ல. அது அடிக்கு முன்னால் வருகின்ற கனைப்பு. திருகாணிக்குக் காட்டுகின்ற மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டாததற்கு என்ன சமாதானம் என்று யாராவது சொல்ல முடியுமா?

உதாரணமாக, ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் தினமும் பள்ளிக்கூடத்திற்கு நேரங்கழித்துப் போகின்றான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி என்ன நடக்கும்? காலையிலே தாயார் கத்துவாள். தகப்பனார் முதுகில் இரண்டு வைப்பார். பையன் அழுதுகொண்டே போவான். மறுநாளும் நேரங்கழித்தே போவான். பத்து வருஷம் இப்படியே நடந்தாலும், செய்த வைத்தியம் பலிக்கவில்லையே என்று யாருக்கும் தோன்றாது. இப்பொழுது தொழிற்சாலைக்காரன் வழியிலே கேட்டுப் பார்ப்போம். ஏன் நேரமாகிறது? எழுந்திருக்க நேரமாகிறது. ஏன்? படுக்க நேரமாகிறது. ஏன்? சாப்பாடு பத்து மணிக்கு முடிகிறது. ஏன்? தகப்பனார் கடையடைத்து வந்து சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவது. ஏன்? ஆண்பிள்ளை சாப்பிடாமல் வீட்டில் இலை போடக்கூடாது என்பது வழக்கம்.

பார்த்தீர்களா, நாம் எங்கே வந்து சேர்ந்தோம் என்று! பையனின் முதுகில் தேடிய குற்றம் தகப்பனாரின் இலையில் அல்லவா கிடக்கின்றது? பையனுக்கும் அவன் தாயாருக்கும் எட்டு மணிக்குச் சோறு போட்டுவிட்டால் தீர்ந்தது. இதற்கு ஒரு காசு செலவில்லை. செலவாவது ஒரு வழக்கம் மாத்திரம். அந்த வழக்கத்தைச் செலவு செய்ய மனமில்லாமல் பிள்ளையின் முதுகைச் செலவு செய்கின்றோம். ஐந்து தரம் “ஏன்” என்று கேட்பதைப் பெரியவர்கள் வீட்டிற்குள் விடாததற்குக் காரணமும் இதுதான். முதல் இரண்டு “ஏன்” பிள்ளையிடத்திலே நிற்கும். மூன்றாவது தாயாரிடத்திலே வரும். நாலாவதும் ஐந்தாவதும் தகப்பனாரிடத்திலும் பாட்டனாரிடத்திலும் வந்து நிற்கும். அதனாலேதான் “எதிர்த்துப் பேசாதே” என்று இரண்டாவது “ஏன்” வருவதற்குள்ளாகவே வாயை அடைத்து விடுகின்றார்கள்.

“அடியாத மாடு படியாது” என்று ஒரு பழமொழி சொல்லுவார்கள். பிள்ளையை மாடு என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு அது சரியாயிருக்கலாம். “அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்” என்று இன்னொன்றும் உண்டு. அடி எதற்கு உதவிற்று என்று கணக்கெடுத்தவர்கள் யார்? அடியினால் பிள்ளை கற்றுக்கொள்ளுவது ஒரே ஒரு வித்தை; மறைக்கின்ற வித்தை. மார்க்குக் குறைந்தால் தகப்பனார் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளுவான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் கைநீட்டித் தொட்டால் பெண்பிள்ளை வீட்டிலே சொல்லமாட்டாள். சொன்னால் தனக்குத்தான் அடி விழும் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சையில் தவறினவன் வீட்டிற்கு வராமல் கிணற்றையோ தண்டவாளத்தையோ தேடிப் போகின்றான். பரீட்சை முடிவு வெளியாகின்ற ஒவ்வொரு வருஷமும் இப்படிப்பட்ட செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசிக்கவில்லையா? அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்குப் பயந்தா செத்தார்கள்? வீட்டிற்குப் பயந்தல்லவா செத்தார்கள்! கயிற்றை இழுத்து “இங்கே பிசகு இருக்கிறது” என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஒரு கயிறு இல்லை. அது இல்லாததனால்தான் அவர்கள் வேறு கயிற்றைத் தேடினார்கள் என்று சொல்ல நமக்கே நெஞ்சு நடுங்குகிறது. ஆனால் சொல்லாமலிருப்பது யோக்கியமல்ல.

ஸ்வீடன் தேசத்தார் 1979லேயே பெற்றோர்களும் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். உலகத்தில் அதுதான் முதல் சட்டம். இந்தியாவிலே 2009ம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கின்றது. அதாவது உபாத்தியாயர் அடிக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே தகப்பனாருக்கும் தாயாருக்கும் புத்திதான் சட்டமாக இருக்க வேண்டும்.

இது ஒருபுறமிருக்க, இந்த முறையை வீட்டிற்குள் கொண்டுவரக் கூடாது என்பதற்கு இரண்டு ஆட்சேபணைகள் சொல்லப்படுகின்றன. அவைகளில் ஒன்றுக்கு மரியாதையாகவும் மற்றொன்றுக்குத் தகுந்தபடியும் பதில் சொல்லுவோம்.

முதல் ஆட்சேபணை: வீடு தொழிற்சாலையாகுமா? பிள்ளை சரக்காகுமா? அன்பைத் தராசில் நிறுக்கலாமா? இதில் பாதி நியாயம் இருக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். சில புது நாகரிகப் பெற்றோர்கள் சுவரிலே அட்டவணை ஒட்டி, பிள்ளை பல் விளக்கினதற்கு ஒரு நட்சத்திரம், பால் குடித்ததற்கு ஒரு நட்சத்திரம் என்று போட்டுக்கொண்டு வருகின்றார்கள். காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், இரவு எட்டு மணிக்கு ஒரு டியூஷன், நடுவிலே பாட்டு, சதுரங்கம், நீச்சல் என்று பிள்ளையைப் பூட்டுகின்றார்கள். இது கைசன் அல்ல. பழைய அடிக்குப் புதுச் சட்டை. தொழிற்சாலையிலேயே இந்தத் திருத்தத்தின் பெயரைச் சொல்லித் தொழிலாளியிடத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம் பிழிந்து, லாபத்தை மட்டும் முதலாளி எடுத்துக்கொண்ட இடங்கள் உண்டு. அதே மோசம் வீட்டிலும் நடக்கலாம். தாயார் இரண்டு மணியில் செய்த வேலையை ஒரு மணியில் முடிக்கும்படி செய்து, மிஞ்சின ஒரு மணிக்கு வேறு வேலையைக் கொடுப்பதற்குத் திருத்தம் என்று பெயர் வைத்தால் அதை நாம் ஒப்பமாட்டோம். திருத்தத்தினால் மிஞ்சுகின்ற நேரமும் சௌகரியமும் யாருக்குப் போகின்றது என்று பார்த்தால் அது மெய்யான திருத்தமா, புரட்டா என்பது உடனே தெரிந்துபோகும்.

ஆகவே நாம் சொல்லுவது என்னவென்றால், சோதிக்கப்பட வேண்டியது பிள்ளையல்ல, ஏற்பாடு. சரக்கு என்று ஏதாவது அந்த வீட்டில் இருக்குமானால் அது வழக்கம்தான். பிள்ளை அக்கடையில் ஒரு பங்குக்காரன். அவனுக்கும் பேரேட்டைப் பார்க்க உரிமையுண்டு. அன்பு நிறுக்கப்படக் கூடாது என்பது மெய்தான். ஆனால் அன்பு இருக்கின்றது என்பதனால் புத்தி வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. அடிக்கின்ற தகப்பனாரும் அன்பினால் அடிக்கிறேன் என்றுதானே சொல்லுகின்றார்!

இரண்டாவது ஆட்சேபணை: எல்லாம் அவனவன் தலையெழுத்துப்படி நடக்கும், பிள்ளைக்குச் சனி திசை நடக்கின்றது, ஜோசியர் பரிகாரம் சொல்லியிருக்கிறார், நாம் செய்ய என்ன இருக்கின்றது என்பது. இதற்கு நாம் அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒரே கேள்வி கேட்கின்றோம். ரங்கூன் கடையிலே ஐந்தொகையில் ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. முதலாளி “ஏன்?” என்று கடிதம் எழுதுகின்றார். மேலாள் “கடைக்கு ஏழரைச் சனி” என்று பதில் எழுதினால் முதலாளி என்ன செய்வார்? எள்விளக்கு ஏற்றச் சொல்லுவாரா, ஆளை மாற்றுவாரா? கடைக்குப் பொருந்தாத சனி வீட்டிற்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? ஆயிரம் ரூபாயைச் சனியிடத்தில் விடாதவர்கள், பெற்ற பிள்ளையை விட்டுவிடுகின்றார்களே, பிள்ளையின் விலை அவ்வளவுதானா?

கணக்கைப் பணத்தோடு நிறுத்திக்கொண்டதனால் வந்த நஷ்டத்தையும் செட்டிநாடு அனுபவித்துத்தான் இருக்கின்றது. 1930ல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன்பட்ட பர்மியக் குடியானவர்கள் பணமாகக் கொடுக்க முடியாமல் நிலமாகக் கொடுத்தார்கள். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942ல் ஜப்பானியர் படையெடுத்தபோது உயிர்தப்பினால் போதுமென்று திரும்பினார்கள். பிறகு நிலமும் போயிற்று. 1960களில் மிச்சமிருந்த தொழிலும் போயிற்று. பேரேட்டில் இருந்ததெல்லாம் போன பிறகு கையில் நின்றது என்ன? பிள்ளைகளுக்கு என்ன தெரியுமோ அது ஒன்றுதான் நின்றது. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிக்கு அனுப்பிய பிள்ளைக்கு மனக்கணக்குத் தெரியும், வட்டி தெரியும், வேறு தொழில் தெரியாது. கடை போனால் பிள்ளை என்ன செய்வான் என்கின்ற ஒரு “ஏன்” முன்னாலேயே கேட்கப்பட்டிருந்தால் எவ்வளவோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

அப்படிக் கேட்டவர்களும் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். 1909ல் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் பெட்டியடியோடு நிற்காமல் எம்.ஏ. படித்தார், லண்டனில் சட்டம் படித்தார், சம்பாதித்ததைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று 1947ல் காரைக்குடியில் கல்லூரி வைத்தார். மின் வேதியியல் ஆராய்ச்சிச் சாலைக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அஸ்திவாரம் போட்டார்; 1953ல் அது திறக்கப்பட்டது. ரங்கூனில் போட்ட முதல் போய்விட்டது. காரைக்குடியில் பிள்ளைகள்மேல் போட்ட முதல் இன்னும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது. எது நல்ல கணக்கு?

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். செட்டிநாட்டுக் கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த சீர் சாமான்களுக்கு ஜாபிதா எழுதிப் பத்திரப்படுத்துவார்கள். வெள்ளி எத்தனை, பித்தளை எத்தனை, பாய் எத்தனை என்று ஊசி முதற்கொண்டு அதில் இருக்கும். இவ்வளவு எழுதினவர்கள் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், அவள் என்ன படிக்க ஆசைப்பட்டாள் என்று ஒரு வரி எழுதியதுண்டா? அவள் பிறந்த நாளிலேயே செலவுப் பக்கத்தில் ஏற்றப்பட்டுவிட்டாள். புருஷன் மூன்று வருஷத் தவணைக்கு அக்கரைச் சீமைக்குப் போனபோது வீட்டையும், நிலத்தையும், பிள்ளைகளையும் தனியாக நடத்திக் காட்டியவள் அந்த ஆச்சிதான். அந்த உழைப்பு எந்தப் பேரேட்டில் வரவு வைக்கப்பட்டது? தமிழ்நாட்டில் 1989லும், இந்தியா முழுவதற்கும் 2005லும் ஹிந்துக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பினாலே சமபங்கு என்று சட்டம் ஆகிவிட்டது. இப்போதாவது பேரேட்டைத் திருத்தி எழுத வேண்டாமா? பேரேட்டில் பக்கம் மாறி ஏறின தொகையைச் சரிசெய்யாமல் எத்தனை ஐந்தொகை போட்டாலும் இடிக்கத்தான் இடிக்கும்.

சரி, செய்ய வேண்டியதென்ன என்று கேட்கலாம். பெரிய காரியம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் புரூஸ் ஃபைலர் என்பவர் 2013ல் எழுதிய ஒரு புத்தகத்தில், கம்ப்யூட்டர்த் தொழிலாளர்களிடமிருந்து சில குடும்பங்கள் எடுத்துக்கொண்ட ஒரு வழக்கத்தைச் சொல்லியிருக்கின்றார். வாரத்திற்கு ஒரு நாள் குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசுகின்றார்கள். இந்த வாரம் வீட்டில் எது நன்றாய் நடந்தது, எது நடக்கவில்லை, வருகிற வாரம் எதைத் திருத்தலாம் என்பவைகளே அம்மூன்றும். வளவில் உட்கார்ந்து பேசலாம். வளவு இல்லாதவர்கள் வாடகை வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசலாம். பத்து நிமிஷம் போதும்.

ஆனால் நம் நாட்டிற்குச் சில நிபந்தனைகள் சேர்க்க வேண்டியிருக்கின்றது. முதலாவது, எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். தகப்பனார் நாற்காலியிலும் மற்றவர்கள் தரையிலும் உட்கார்ந்தால் அது பஞ்சாயத்தாகிவிடும். இரண்டாவது, முதலில் பேச வேண்டியது கடைசிப் பிள்ளை. பெரியவர் முதலில் பேசிவிட்டால் பிறகு பேசுவதற்கு யாரும் இருக்கமாட்டார்கள். மூன்றாவது, அங்கே சொன்னதற்காக அன்றைக்கும் அடியில்லை, மறுநாளும் அடியில்லை. நாலாவது, பிள்ளைகளின் குறையை மட்டும் ஜாபிதா போடாமல், தகப்பனார் கோபித்ததும், தாயார் ஒருத்தியே எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்ததும் அதே இடத்தில் பேசப்பட வேண்டும். ஐந்தாவது, ஒரு வாரத்திற்கு ஒரே ஒரு திருத்தம். பத்துத் திருத்தத்தை ஒரே நாளில் செய்யப் புறப்பட்டவர்கள் பதினோராவது நாள் பழைய வழக்கத்திற்கே திரும்பிவிடுவார்கள். செய்து பார்த்தது சரிப்படாவிட்டால் வெட்கமில்லாமல் விட்டுவிட்டு வேறொன்று பார்க்க வேண்டியது.

இதைச் செய்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள், பெரியவர்களை மதிக்கமாட்டார்கள் என்று சிலர் பயப்படலாம். “ஏன்?” என்று கேட்கப் பழகின பிள்ளை நம்மையும் கேட்கும் என்பது வாஸ்தவம்தான். கேட்கட்டுமே! பதில் சொல்லத்தக்க வழக்கமானால் சொல்லிவிட்டுப் போகலாம். பதில் சொல்ல முடியாத வழக்கமானால் அதை வைத்துக்கொண்டிருப்பதில் நமக்கென்ன லாபம்? தவிர, வீட்டில் தகப்பனாரைக் கேள்வி கேட்கப் பழகாத பிள்ளை வெளியில் மேலதிகாரியையோ, மந்திரியையோ, சாமியாரையோ எப்படிக் கேட்கும்? கைகட்டி நிற்கும் ஜனங்கள் திடீரென்று ஒருநாள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. வீட்டிற்கு வீடு, கூடத்திற்குக் கூடம், அவர்கள் பழக்கப்பட்டுத்தான் வருகின்றார்கள்.

ஆகையால் கணக்கில் பேர்போன காரைக்குடிச் சீமைத் தோழர்களையும், அவர்களைப் பார்த்துக் கணக்குக் கற்றுக்கொண்ட மற்றவர்களையும் நாம் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவுதான். கடைக்கு மூன்று வருஷத்திற்கு ஒரு தவணை வைத்தீர்கள். பிள்ளையினுடைய பிள்ளைப்பருவம் ஒரே ஒரு தவணை. அது முடிந்தால் வேறு மேலாளை அனுப்பி அந்தக் கடையை மறுபடியும் நடத்த முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து பேரேட்டைத் திறவுங்கள். முதல் வரியைக் கடைசிப் பிள்ளை எழுதட்டும்.